பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

பிப்ரவரி 3

அன்புள்ள என் வீட்டுக்கார மெக்கானிக்குக்கு,

வாயாடி எழுதுவது. இங்கே நானும் மாமாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், வேளைக்குச் சண்டை போடுகிறோம், அதனால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. அது ஒரு நாள் இல்லாவிட்டால்தான் மனுஷர் பயந்துபோகிறார். உங்கள் இடுப்பு எப்படி? வண்டிக்கு அடியில் வெறும் தரையில் படுக்காதீர்கள், அட்டை விரியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். விரிக்கிறீர்களா, இல்லை, பொண்டாட்டி சொன்ன அட்டை என்று மடித்து வைத்திருக்கிறீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஷெட்டில் திருட்டு நடக்கிறது.

கம்பெனியில் சாமானெல்லாம் அவர்களே கொடுக்கிறார்கள் என்று உங்கள் ஸ்பேனர் செட்டைப் பலகையில் மாட்டிவிட்டுப் போனீர்களே, அந்தப் பதினாறில் இரண்டைக் காணோம். ராட்செட் ஒன்று, பதினாலாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய்த் துணியில் துடைத்து மாட்டுகிறவள் நான். முகம் பார்த்துப் பொட்டு வைக்கிற அளவுக்குப் பளபளவென்று வைத்திருக்கிறேன். போன ஞாயிறு போய்ப் பார்த்தால் இரண்டு ஆணி என்னைப் பார்த்துப் பல்லிளிக்கிறது.

தெருவில் எல்லாருக்கும் இரவல் கொடுக்கிறோம். யார் மேல் சந்தேகப்படுவது? உங்கள் சிநேகிதர் சோடாபுட்டி அண்ணன் லாரியோடு வந்திருந்தார், மாமாவைப் பார்த்துவிட்டுப் போனார். அவரிடம் சொல்லிப் புலம்பினேன். "காலம் கெட்டுப்போச்சு தங்கச்சி, யாரையும் நம்ப முடியல" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷர், கண் கலங்கிவிட்டது.

நான் வேலை பார்க்கிற லாண்டரியில் துணிக்குக் குறி போடுகிற மையால் மிச்சத்தில் குறி போட்டுப் பார்த்தேன். எத்தனை வெளுப்புக்கும் போகாத மை. ஸ்பேனரில் போட்டால் கட்டைவிரலோடு வந்துவிட்டது. அந்தப் பளபளப்பில் எதுவும் ஒட்டமாட்டேன் என்கிறது. அழியாமல் குறி போட என்ன வழி? உடனே எழுதுங்கள்.

ஏப்ரலோடு கம்பெனி ஒப்பந்தம் முடிகிறது, வந்து ஷெட்டைத் திறக்கிறேன் என்று சொன்னீர்கள். நீங்கள் வரும்போது பலகையில் ஆணி மட்டும் இருந்தால் என் மானம் போய்விடும். ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
காவல்காரி ஆகிவிட்ட உங்கள் வாயாடி

*

பிப்ரவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். இடுப்பு பரவாயில்லை. அப்பாவுக்குத் தைலம் தேய்த்துவிட ஆள் இருக்கிறதா?

சாமான் எங்கும் போயிருக்காது. யாராவது எடுத்துப்போயிருப்பார்கள், கொடுத்துவிடுவார்கள். தெருவில் யாரையும் கேட்டு வைக்காதே, வீண் மனஸ்தாபம். குறி வேண்டும் என்றால் எனாமல் பெயின்ட் வாங்கிப் பிடியில் ஒரு பட்டை அடித்து வை. அது போதும்.

சுண்ணாம்புக்கு அவசரப்படாதே. ஏப்ரல் வரட்டும், பார்க்கலாம்.

இங்கே வேலை அதிகம். உன்னை நினைக்காத நாள் இல்லை.

இப்படிக்கு,
உன் மெக்கானிக்

*

மார்ச் 10

அன்புள்ள மெக்கானிக் துரை அவர்களுக்கு,

இருபத்துநாலு நாள் காத்திருந்ததற்குப் பத்து வரி. எண்ணிப் பார்த்தேன், கடைசி வரிதான் உருப்படி. அதை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். பின்பக்கம் தைலம் பற்றி எழுதியிருந்ததால் விட்டுவிட்டேன். தைலம் நான்தான் தேய்க்கிறேன். மாமா "மெதுவா, மெதுவா" என்று தெருவே திரும்புகிற மாதிரி கத்துகிறார். மற்றபடி நலம். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? கையெழுத்து மெலிந்து தெரிகிறது.

பெயின்ட் கதை கேளுங்கள். சிவப்பு வாங்கிப் பதினாலுக்கும் பட்டை அடித்தேன். பதினாறு வளையல் போட்ட கல்யாணப் பெண் மாதிரி பலகை ஜொலித்தது. (பதினாலு. பதினாறு என்று கை பழக்கத்தில் வந்துவிட்டது.) பக்கத்துத் தெரு வாத்தியார் சைக்கிளுக்கு ஒன்று இரவல் கேட்டார், கொடுத்தேன். நன்றியுள்ள மனுஷர், பெட்ரோலில் அலசித் துடைத்துச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தார். பட்டை போயே போய்விட்டது. இன்னொன்றை நானே நகத்தால் சுரண்டினேன், தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்தது. இருபத்தைந்து வருஷம் இந்தத் தொழில் செய்த உங்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஏன் என்னைச் சிவப்பு டப்பா வாங்க வைத்தீர்கள்?

இதற்குள் பத்தொன்பதாம் நம்பரும் போயிற்று. மாமாவை ஷெட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறேன். அவர் கண்ணெதிரேதான் போயிருக்கிறது.

"மாமா, யார் வந்தது?"

"யாரும் வரலையே."

"அப்ப ஸ்பேனருக்குக் கால் முளைச்சுதா?"

"நம்ம ஊட்டு ஸ்பேனர் இல்லையா. முளைச்சாலும் முளைக்கும்."

அப்பாவும் பிள்ளையும் எனக்குப் பதில் சொல்கிற அழகு இதுதான்.

பஸ் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவீர்கள். இந்தக் கோளாறையும் சொல்லுங்கள். நகை மாதிரிப் பளபளக்கிற இரும்பில் அழியாத குறி போட உண்மையான வழி என்ன? அடித்துப் பதிக்கிற நம்பர் அச்சு நம் பெட்டியில் இருக்கிறது. நான் சுத்தியலை எடுப்பதற்குள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெயின்ட் டப்பாவும் கையுமாக,
வாயாடி

*

ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

சுத்தியலை எடுக்காதே. அச்சை வைத்து அடித்தால் மேல் பூச்சு வழுக்கும், இல்லையென்றால் செதிலாகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். கையில் குத்தும். உன் கையில் குத்தினால் இங்கே எனக்கு வேலை ஓடாது.

சரியான வழி இது. நிதானமாகப் படி.

நகப்பாலிஷ் ஒரு புட்டி வாங்கு. ஸ்பேனரைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காயவை. எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக்கூடாது. குறி போடும் இடத்தில் நகப்பாலிஷைத் தடிப்பாகப் பூசு. ஒரு மணி நேரம் காயட்டும். பிறகு ஊசியால் அந்தப் பாலிஷில் மட்டும் உன் குறியைக் கீறு. கீறிய இடத்தில் உலோகம் தெரிய வேண்டும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் வினிகர் ஊற்றி உப்புப் போட்டுக் கலக்கு. ஷெட்டின் மூலையில் பழைய கார் பேட்டரி இருக்கிறது. அதைச் சைக்கிள் கடைக்குப் பக்கத்திலுள்ள பேட்டரிக்காரரிடம் கொடுத்துச் சார்ஜ் ஏற்றிக்கொள். சிவப்பு வயரின் கவ்வியை ஸ்பேனரில் மாட்டு. கறுப்பு வயரின் கவ்வியில் பஞ்சைச் சுற்று. பஞ்சை வினிகரில் நனைத்து, பிழிந்து, கீறிய இடத்தில் ஒற்று. சொய்ங் என்று நுரைக்கும். பயப்படாதே. ஒற்று, எடு, ஒற்று, எடு. ஒரு நிமிஷம் போதும். மேல் பூச்சைத் தின்றுவிட்டு உள்ளே இரும்பில் இறங்கிக் கறுத்துவிடும். பிறகு எந்தப் பெட்ரோலுக்கும் போகாது, எந்தப் பிறவிக்கும் போகாது.

ஜன்னலைத் திறந்து வை. அந்த ஆவியை மூக்கில் இழுக்காதே. லாண்டரி ரப்பர் கையுறையைப் போட்டுக்கொள். பஞ்சில் மஞ்சளும் பச்சையுமாக ஒன்று வரும், அது கெடுதலானது, கையால் தொடாதே, டம்ளரைத் திரும்பக் குடிக்க எடுக்காதே. கவ்வி இரண்டும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. கண்ணுக்கு என் பழைய கண்ணாடி மாடத்தில் இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் நன்றாகக் கழுவி எண்ணெய் தடவு.

என்ன குறி என்று நீயே முடிவு செய்.

இப்படிக்கு,
உன் மெக்கானிக்

*

ஏப்ரல் 14

அன்புள்ள என் மெக்கானிக்குக்கு,

நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களிலேயே நீளமானது இதுதான். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு எழுதியதில்லை. தலையணைக்குக் கீழே வைத்துப் படிக்கிற கடிதத்தில் வினிகரும் பேட்டரியும்! இருந்தாலும், சுத்தியலை எடுக்காதே என்று தொடங்கி அந்தப் பழைய கண்ணாடி வரைக்கும் ஒவ்வொரு வரியிலும் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் சுகமாக இருக்கிறேன். இதைப் படித்ததால் ரொம்பவே சுகமாக இருக்கிறேன்.

நகப்பாலிஷ் வாங்கப் போனேன். நாற்பத்தாறு வயதில் முதல் தடவை. கடைக்காரப் பெண் ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"யாருக்குக்கா?"

"பதினேழாம் நம்பருக்கு."

"பதினேழு வயசா? அப்ப ரோஸ் கலர் எடுங்க, நல்லா இருக்கும்."

ரோஸ் கலரே வாங்கினேன். ஸ்பேனருக்குப் பூசி, காயவைத்து, ஊசியால் கீறி, உங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரப்பர் கையுறையோடு ஒற்றினேன், ஒற்றினேன், அரைமணி நேரம் ஒற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. உங்களை வாயாரத் திட்டினேன். அப்புறம் பார்த்தால் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டியிருக்கிறேன். திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மாற்றி மாட்டியதும் சொய்ங் என்றது பாருங்கள், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி! பாலிஷைத் துடைக்க எங்கள் லாண்டரியில் கறை எடுக்கிற ஸ்பிரிட் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தேன். துடைத்ததும் கறுகறுவென்று குறி. கட்டைவிரலால் தேய்த்தேன். சேலைத் தலைப்பால் தேய்த்தேன். பெட்ரோலில் போட்டேன். அசையவில்லை. ஷெட்டு நடுவில் நின்று கை தட்டினேன். தட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

மிச்சமிருந்த பதின்மூன்றுக்கும் போட்டு முடிக்க இரண்டு ஞாயிறு ஆயிற்று. புட்டியில் மிச்சமிருந்ததை என்ன செய்வது? விரலில் பூசிக்கொண்டேன். மாமா பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, யாருக்கு?"

"ஸ்பேனருக்குப் பூசும்போது ஒட்டிக்கிச்சு மாமா."

"பத்து விரல்லயுமா?"

நீங்கள் பார்ப்பதற்குள் அழிந்துவிடும் என்றுதான் வருத்தம்.

என்ன குறி என்று சொல்ல மாட்டேன். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் லாண்டரியில் வீட்டுக்கு வீடு குறி போடுகிறேன் இல்லையா, துணி மேல் போடுகிற அந்தக் குறி இது யாருடையது என்று சொல்வதற்கு இல்லை, எந்த வாசலில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று டெலிவரிக்காரருக்குத் தெரிவதற்கு. அந்த மாதிரி நம் வாசலுக்கு நானே ஒன்று செய்தேன். வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு அடித்தாயிற்று. அவசரப்படாதே என்று எழுதியிருந்தீர்கள், உங்கள் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்? ஏப்ரலில் பாதி போயிற்று. மிச்சம் பாதி இருக்கிறது. நான் ஒன்றும் எண்ணவில்லை.

இப்படிக்கு,
ரோஸ் கலர் விரலோடு,
வாயாடி

*

மே 12

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

போன கடிதம் வந்ததா? பதில் இல்லாததால் வரவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். உடம்பு சரியில்லையா? அப்படியானால் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களாகப் பார்த்துச் சேர்ந்திருக்கிறீர்களா? இங்கே மாமா நலம். நானும் அப்படித்தான்.

குறி போட்ட கர்வத்தில் ஷெட்டுக்குப் பூட்டுப் போடாமல் இருந்தேன். இந்தக் குறியோடு எவன் எடுத்துப் போனாலும் எங்கே விற்பான் என்று தைரியம். பதினேழும் பன்னிரண்டும் போயிற்று. குறியோடுதான் போயிருக்கிறது.

விடவில்லை நான். லாண்டரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பழைய இரும்புக் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். கூடை கூடையாக ஸ்பேனர். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். கடைசிக் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்.

"என்னம்மா தேடுறீங்க? அதே சைஸு இங்க நூறு கெடக்கு, ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்களேன்."

"சைஸ் தேடலைங்க. எங்க வீட்டுக்காரரோடதைத் தேடுறேன்."

"அவர் எங்க?"

நான் டீயைக் குடித்தேன்.

வருகிற வழியில் பஸ் ஸ்டாண்ட். வெயில் அதிகமாக இருந்ததால் கொஞ்சம் உள்ளே நின்றேன். நீங்கள் இருக்கிற ஊர்ப் பஸ் ஒன்று வந்தது, எல்லாரும் இறங்கினார்கள். வெயில் தாழ்ந்ததும் வந்துவிட்டேன்.

ஏப்ரல் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கோபமாகக் கேட்கவில்லை. எந்த மாசம் என்று சொன்னால் அந்த மாசத்தையே ஏப்ரல் என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாயாடி

*

மே 30

அன்புள்ள வாயாடிக்கு,

இரண்டு கடிதமும் சேர்ந்துதான் கையில் கிடைத்தது. நான் சுகம், கவலைப்படாதே. பதில் எழுதத் தாமதம் என் தப்புதான். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

வெயிலில் கடை கடையாக அலையாதே. போனது போகட்டும். அதற்காக நீ லீவு போட வேண்டாம்.

நீ செய்த வேலை எனக்கு ரொம்பப் பெருமை. முதல் தடவையில் இவ்வளவு சுத்தமாக யாருக்கும் வராது. ஓரம் பிசிறடிக்காமல் நல்ல ஆழம் இறங்கியிருக்கிறது. மூன்று புள்ளியும் அளந்து வைத்த மாதிரி நிற்கிறது. பதினேழில் மட்டும் கடைசிப் புள்ளி கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டது, பஞ்சில் ஈரம் அதிகம், இன்னும் பிழிந்துவிட்டு ஒற்று. பன்னிரண்டில் அந்தக் குறை இல்லை.

இங்கே கம்பெனியில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறார்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் மெக்கானிக்

*

ஜூன் 6

மெக்கானிக்குக்கு,

நலம் விசாரிப்பு இந்தக் கடிதத்தில் கிடையாது.

மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு என்று நான் உங்களுக்கு எழுதவே இல்லை. நாலாம் வகுப்போடு நின்றவள்தான், எழுதியது எது எழுதாதது எது என்று தெரியாதவள் இல்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்புறம் மாமாவுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பதினேழாம் நம்பர் எங்க மாமா?"

"என்னம்மா, காது கேக்கல."

"கேக்கலைன்னா எதுக்குப் பதில் சொல்றீங்க?"

முட்டியைத் தடவினார்.

"சோடாபுட்டிதான் ஒவ்வொண்ணா கொண்டுபோறான். உன் வீட்டுக்காரன்தான் கேட்டு அனுப்பினான்மா. அவன் பொருள் தானே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதீங்கன்னு சொல்லியிருந்தான். நீ அதுங்களத் துடைக்கிறதப் பாத்துட்டு எனக்கும் வாய் வரல."

அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும், சோடாபுட்டிக்குத் தெரியும், நான் காவலுக்கு வைத்த மாமாவுக்குத் தெரியும். அன்றைக்குச் சோடாபுட்டி அண்ணன் கண் கலங்கியதுகூட நடிப்பு. இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது. கம்பெனியில் சாமான் கொடுக்கிறார்கள் என்றால் இதெல்லாம் எதற்கு?

எழுதுங்கள். பத்து வரியில் வேண்டாம்.

*

ஜூலை 9

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதக் கூசுகிறது. ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கம்பெனியை விட்டு ஜனவரியிலேயே வந்துவிட்டேன். உன் கடிதங்களை அங்கே வாட்ச்மேன் எடுத்து வைத்துக் கொடுக்கிறான், அதனால்தான் தாமதம். இங்கே ஒரு வெல்டரோடு சேர்ந்து லாரி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஷெட்டு எடுத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இங்கே கிடைக்கிற ஸ்பேனர் மெழுகு, நாலு நட்டைக் கழற்றினால் வாய் பிளந்துவிடுகிறது. என் செட்டு இல்லாமல் கை ஓடவில்லை. உன்னிடம் கேட்டால், எதற்கு என்று கேட்பாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் சோடாபுட்டியை அனுப்பினேன். அவனைத் திட்டாதே. ஒவ்வொரு தடவையும் முடியாது என்றுதான் சொன்னான்.

பிப்ரவரியில் நான் ராட்செட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான், ராட்செட்டைக் காணோம் என்ற உன் கடிதம் வந்தது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். சுண்ணாம்பு அடிக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்குக் கீழே எதையும் எழுத வரவில்லை. முதலில் பெயின்ட் என்று ஏமாற்றினேன், நிஜக் குறி போட்டுவிட்டால் என் கையில் இருப்பதே எனக்கு எதிராகச் சாட்சியாகிவிடும் என்று பயம். அப்புறம் நீ சுத்தியலை எடுக்கிறேன் என்றதும் தாங்கவில்லை.

ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பெரிய ரோட்டை வேறு பக்கம் திருப்பியதும் நம் ஷெட்டுக்கு வண்டி வருவது நின்றது. இரண்டு வருஷம் வண்டி இல்லாத ஷெட்டில் உட்கார்ந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ காலையில் லாண்டரிக்குப் போவாய், சாயங்காலம் கையெல்லாம் வெந்து வருவாய், "இன்னைக்கு எத்தனை வண்டி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாய். எத்தனை என்று உனக்குத் தெரியும். நான் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நீயே பேச்சை மாற்றுவாய். அந்த நாற்காலியில் மறுபடி உட்கார என்னால் முடியாது. இங்கே காலையில் ஷெட்டைத் திறக்கும்போது மூன்று வண்டி காத்திருக்கிறது.

உன்னை வா என்று கூப்பிட ஒரு அறைகூட இல்லை. ஷெட்டிலேயே படுக்கிறேன். அட்டைதான் விரிக்கிறேன்.

மிச்சமிருப்பதும் வேண்டும். இந்தத் தடவை உன்னிடமே கேட்கிறேன். சோடாபுட்டி அடுத்த மாசம் வருவான். மனசு வந்தால் கொடுத்தனுப்பு. வராவிட்டால் நியாயம்தான்.

இப்படிக்கு,
என்ன போட்டுக் கையெழுத்திடுவது என்று தெரியாத
உன் மெக்கானிக்

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள என் மெக்கானிக்குக்கு,

இங்கே நானும் மாமாவும் நலமாகவே இருக்கிறோம். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அப்புறம் அவராக வந்து, "தைலத்தை மெதுவா தேய்க்க வேண்டாம்மா, இழுத்தே தேய்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, சமாதானம் ஆயிற்று. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையாக இருந்தால் அட்டைக்குக் கீழே ஒரு தார்ப்பாயும் போடுங்கள்.

பதில் எழுத ஒன்றரை மாசம் ஆகிவிட்டது. உங்களிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

மூன்று வண்டி காத்திருக்கிறது என்ற வரியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். உங்களுக்கு எதிரே மூன்று வண்டி நின்றால் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் சம்மதித்தேன். ஷெட்டை மூடிவிட்டு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். மூன்று வருஷமோ முப்பதோ, அது நடக்கட்டும்.

கோபம் எங்கே என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் முதலில் வந்தது கோபம் இல்லை. பதினேழாம் நம்பர் உங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும், அதன் மேல் எனக்குப் பொறாமை வந்தது. சிரிக்காதீர்கள். ஞாயிறுதோறும் அதைத் துடைத்தபோது அதுவும் நானும் ஒன்றாகத்தான் இங்கே கிடந்தோம். இரும்புத் துண்டுக்கு ஆளனுப்பி, லாரியில் ஏற்றி, இரண்டு பகல் ஒரு ராத்திரி கூட்டிக்கொண்டுபோய்க் கையில் எடுத்துக்கொண்டீர்கள். அது இல்லாமல் கை ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் நான் எங்கேயாவது இருக்கிறேனா என்று விரல் வைத்துத் தேடினேன்.

அறை இல்லை என்கிறீர்கள். நான் அறை கேட்டேனா? மாமாவின் முட்டியைத் தூக்கிக்கொண்டு இப்போதைக்கு நான் எங்கும் நகர முடியாது, அதுதான் என் தடை. உங்கள் தடை எது? வந்தால் அந்த நாற்காலியில் உட்காரச் சொல்வேன் என்று பயந்தீர்களா? வண்டி எத்தனை என்று நான் கேட்டது கணக்குக்காகவா? நாள் முழுக்க யாரோ வீட்டுத் துணியோடு பேசிவிட்டு வருகிறேன், உங்களோடு பேச ஏதாவது ஒரு வார்த்தையில் தொடங்க வேண்டாமா? வேறு எதைக் கேட்டுத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தப்பான இடத்தில் தொட்டிருக்கிறேன் என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிகிறது. அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் எடுத்ததை நான் மன்னித்தாயிற்று.

சோடாபுட்டி அண்ணன் நேற்று வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரப் பயம்.

"தங்கச்சி, அவன் சொல்லி அனுப்பினான்..."

"தெரியும்ணா. உக்காருங்க, டீ குடிங்க."

"திட்டிடு தங்கச்சி. திட்டாம டீ குடுத்தா எறங்காது."

திட்டினேன். நிம்மதியாக இரண்டு டம்ளர் குடித்தார். இன்றைக்குக் கிளம்புகிறார், வெறும் கையோடுதான் அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்புகிறேன்.

பலகையில் இன்னும் பதினொன்று இருக்கிறது. எல்லாம் எண்ணெய் போட்டுத் தயாராக இருக்கிறது. உங்கள் தொழிலுக்கு வேண்டியது, தரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆளனுப்பினால் தரமாட்டேன். வெல்டரை நாலு நாள் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வந்து, உங்கள் கையாலேயே ஆணியிலிருந்து கழற்றி, பையில் போட்டுக்கொண்டு போங்கள். பஸ் ஏற்றிவிட நானே வருகிறேன். இருங்கள் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. வாயாடி வாய் மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்கவாவது வரலாம்.

சொல்லிவிட்டு வரக் கூச்சமாக இருந்தால் சொல்லாமலே வாருங்கள். ஷெட்டுக் கதவை வெறுமனே சாத்தித்தான் வைத்திருக்கிறேன். காவல்காரர் உங்கள் அப்பாதான், அவர் எப்பேர்ப்பட்ட காவல்காரர் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரியில் பதுங்கியெல்லாம் வர வேண்டாம், பட்டப்பகலிலேயே வாருங்கள். நான் லாண்டரிக்கு லீவு சொல்லிவிடுகிறேன்.

திருடவாவது வாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி